பழைய அசெம்பிள் செட்டுக்குள் 3116 கிளாஸ் டி போர்டு – கேபினெட்டில் மாட்டினால் மட்டும் பாட மாட்டேன் என்கிறது

தேனிக்காரன்:
வணக்கம் நண்பர்களே. வீட்டில் அப்பா காலத்து அசெம்பிள் செட் ஒன்று கிடக்கிறது. உள்ளே எல்ஏ4440 ஆம்ப்ளிஃபையர் ஐசி ரெண்டு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (5 ஆம்பியர்), முன்னால் பேஸ், ட்ரெபிள், வால்யூம். ஒரு பக்கம் ஐசி போய்விட்டது. கேபினெட் நல்ல தேக்குப் பலகை, தூக்கிப் போட மனசு வரவில்லை. அதனால் பழைய போர்டைக் கழற்றிவிட்டு, டிபிஏ3116டி2 ஐசி ரெண்டு வைத்த கிளாஸ் டி போர்டு (அதிவேகமாக ஆன்-ஆஃப் ஆகி ஓடும் ஆம்ப்ளிஃபையர் வகை) ஆன்லைனில் வாங்கி உள்ளே வைத்திருக்கிறேன். மேலே "120 வாட் + 120 வாட்" என்று போட்டிருக்கிறது. பவருக்கு லேப்டாப் அடாப்டர், 19 வோல்ட் 4.74 ஆம்பியர். பாக்ஸ் ரெண்டும் 8 இஞ்ச் ஊஃபர், 8 ஓம்.

மேசை மேல் வைத்து ஸ்பீக்கர் வயரை நேரே போர்டில் முறுக்கிக் கொடுத்தால் அருமையாகப் பாடுகிறது. அதையே கேபினெட்டின் பின்பக்க டெர்மினல் வழியாகக் கொடுத்தால் பாட்டே வருவதில்லை. விட்டு விட்டு "டிக்... டிக்..." மட்டும்தான். ஐசி போய்விட்டதோ என்று பயந்து மறுபடி மேசைக்குக் கொண்டு வந்தால் நன்றாகப் பாடுகிறது! என்ன மாயம் இது?

கூடவே இன்னும் ரெண்டு சந்தேகம். அந்த 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரையே இதற்குப் பயன்படுத்தலாமா? அப்புறம், புளூடூத் மாட்யூல் மாட்டினால் "ங்ங்ங்" என்று மெல்லிய சத்தம் கூடவே வருகிறது. பாட்டு நிறுத்தியிருக்கும்போது நன்றாகக் கேட்கிறது.

ஈயக்கோல்:
அடாப்டர் பத்தாது ப்ரோ. 240 வாட் போர்டுக்கு 90 வாட் அடாப்டர் போட்டா எப்படி? 24 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை வாங்குங்க, சரியாயிடும்.

பழைய_ரேடியோ:
அடாப்டர் காரணமாக இருந்தால் மேசையிலும் அல்லவா கட் ஆகியிருக்கும். தம்பி தேனி, பின்பக்க டெர்மினலை உள்பக்கமிருந்து பாருங்கள். நாலு முனை இருக்கும், சிவப்பு ரெண்டு, கறுப்பு ரெண்டு. கறுப்பு ரெண்டும் எங்கே போகிறது என்று சொல்லுங்கள்.

தேனிக்காரன்:
பார்த்தேன் சார். கறுப்பு ரெண்டையும் காவி ஏறிய ஒரு மொட்டைச் செம்புக் கம்பியால் சேர்த்து, அந்தக் கம்பியைத் தகரச் சேஸிஸில் ஒரு திருகுக்கு அடியில் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே இன்புட் சாக்கெட்டின் ஷீல்டும் (ஆடியோ வயரின் வெளிப்பக்கக் கிரவுண்ட் உறை) அதே திருகில்தான்.

பழைய_ரேடியோ:
அகப்பட்டது! அந்தக் கம்பிதான் வில்லன்.

எல்ஏ4440, டிடிஏ2030 காலத்து அசெம்பிள் செட் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கர் மைனஸ் என்றால் கிரவுண்ட்தான். ஐசியிலிருந்து ஒரு பெரிய கண்டென்சர் வழியாகப் பிளஸ் வரும், திரும்பும் வழி சேஸிஸ். அதனால் கறுப்பையெல்லாம் ஒன்றாக முடிந்து பாடியில் அடிப்பது அந்தக் காலத்து வழக்கம். தப்பே இல்லை. ஒரு வயர் மிச்சம்.

3116 போர்டில் கதை வேறு. அதில் மைனஸ் என்று அச்சடித்திருப்பதும் இன்னொரு அவுட்புட்தான். ஒரு ஸ்பீக்கருக்கு ரெண்டு ஆம்ப்ளிஃபையர், ஆளுக்கொரு முனை. இந்தப் பக்கம் மேலே ஏறும்போது அந்தப் பக்கம் கீழே இறங்கும், மரம் அறுக்கிற ரெட்டையாள் ரம்பம் மாதிரி. பிரிட்ஜ் என்று சொல்வது இதைத்தான். பாட்டு ஓடாதபோது ரெண்டு முனையிலும் சப்ளையில் பாதி வோல்டேஜ் நிற்கும். உங்கள் 19 வோல்ட்டுக்கு ஒவ்வொன்றிலும் ஒன்பதரை. ஸ்பீக்கருக்குக் குறுக்கே பார்த்தால் கிட்டத்தட்ட பூஜ்யம். ரெண்டும் சமமாக இருப்பதால்தான் கண்டென்சர் இல்லாமலே ஸ்பீக்கர் பிழைக்கிறது.

இப்போது அந்தக் கம்பியை நினைத்துப் பாருங்கள். ஒன்பதரை வோல்ட் நிற்கிற முனையைச் சேஸிஸ் வழியாக, இன்புட் ஷீல்டு வழியாக, போர்டின் கிரவுண்டிலேயே சார்ட் அடிக்கிறீர்கள். நடுவில் இருப்பது ஒரு சின்ன காயில், அதற்கு மின்தடை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஐசி ஓவர்கரண்ட் என்று உடனே தன்னை நிறுத்திக்கொள்ளும், கொஞ்சம் கழித்து மறுபடி முயலும், மறுபடி நிறுத்தும். நீங்கள் கேட்ட "டிக்" அதுதான். பாதுகாப்பு இருக்கிற ஐசி என்பதால் தப்பித்தது. 

செய்ய வேண்டியது: அந்தக் கம்பியை வெட்டி எறியுங்கள். பவரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரைப் பீப் மோடில் வைத்து, கறுப்புக்கும் சேஸிஸுக்கும், கறுப்புக்கும் கறுப்புக்கும் வைத்துப் பாருங்கள். பீப் வரக்கூடாது. பிறகு போர்டிலிருந்து நாலு முனைக்கும் நாலு தனி வயர். டெர்மினல் தகட்டின் திருகு எதுவும் முனையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் காலத்துத் தகட்டில் ஃபைபர் வாஷர் நைந்து போயிருக்கும்.

பிசிக்ஸ்_அக்கா:
சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசிலோஸ்கோப் வைத்திருக்கிற தம்பிகள் இந்த போர்டின் அவுட்புட் மைனஸில் புரோபின் கிரவுண்ட் கிளிப்பை மாட்டிவிடாதீர்கள். கிளிப் ஸ்கோப் வழியாக எர்த்துக்குப் போகிறது. போர்டின் சப்ளையும் எர்த் ஆகியிருந்தால் அதே சார்ட்தான். ரெண்டு சேனலையும் ரெண்டு முனையில் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள்.

இப்போது அந்த 120 வாட் விஷயம். ஈயக்கோல் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், கணக்குப் போட்டே பார்ப்போம். பிரிட்ஜ் ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்ச வோல்டேஜ், சப்ளை வோல்டேஜ் அளவுதான். ஆகவே வாட் என்பது சப்ளையின் வர்க்கத்தை, ஓமின் ரெண்டு மடங்கால் வகுத்தது. 19 வோல்ட், 8 ஓம்: 361-ஐ 16-ஆல் வகுத்தால் 22.5 வாட். அவ்வளவுதான். 24 வோல்ட் கொடுத்தால் 36 வாட். அதே 24 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 72 வாட். நிஜத்தில் ஐசிக்குள் கொஞ்சம் விழும், சத்தம் சிதைகிற (டிஸ்டார்ஷன்) அளவுக்கு ஏற்றி அளந்தால் கொஞ்சம் ஏறும்.

8 ஓமில் 120 வாட் வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 44 வோல்ட் சப்ளை வேண்டும். இந்த ஐசிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் மேல் எல்லை 26 வோல்ட்! டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் டேட்டாஷீட்டே 50 வாட் ஸ்டீரியோ என்பதை 4 ஓம், 21 வோல்ட்டுக்குச் சொல்கிறது. 100 வாட் மோனோ என்பது 2 ஓமுக்கு.

"ஐசி ரெண்டு இருக்கிறதே, ரெட்டிப்பு வராதா" என்று கேட்பீர்கள். அந்த போர்டில் ஒரு சேனலுக்கு ஒரு ஐசி முழுசாக, உள்ளே இருக்கிற ரெண்டு பிரிட்ஜும் இணையாக ஓடுகின்றன. இணையாகப் போட்டால் கரண்ட் தாங்கும் சக்திதான் கூடும், வோல்டேஜ் கூடாது. 8 ஓம் பாக்ஸ் வைத்திருப்பவருக்கு அதனால் ஒரு வாட்கூட அதிகம் வராது, ஐசி கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவே.

ரெண்டு பக்கமும் 22.5 வாட் முழுசாக ஓடினாலும் அடாப்டரிலிருந்து 50 வாட் சுமார்தான் இழுக்கும். 90 வாட் அடாப்டர் தாராளம்.

ஈயக்கோல்:
அக்கா கணக்கு ஒப்புக்கறேன் 🙂 ஆனா 19-ல இருந்து 24 போனா சத்தம் ஏறத்தான செய்யும்?

பிசிக்ஸ்_அக்கா:
2 டெசிபல் ஏறும். காதுக்கு "ஏதோ கொஞ்சம்" என்று தெரியும். அதே காசை நல்ல சென்சிட்டிவிட்டி உள்ள (அதே வாட்டுக்கு அதிகச் சத்தம் தரும்) ஸ்பீக்கரில் போட்டால் அதைவிட அதிகம் கிடைக்கும். இன்னொன்று, மலிவு போர்டுகளில் சப்ளைக்குக் குறுக்கே 25 வோல்ட் கண்டென்சரைப் போட்டுவிட்டு 24 வோல்ட் கொடுக்கலாம் என்று எழுதிவைக்கிறார்கள். கண்டென்சர் மேல் அச்சை ஒருமுறை படித்துவிட்டு எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். 35 வோல்ட் என்று இருந்தால் நிம்மதி.

சவுண்ட்சர்வீஸ்_கரூர்:
டிரான்ஸ்ஃபார்மர் கேள்வியை யாரும் தொடலியே, நான் சொல்றேன். தம்பி, 12-0-12-ஐ ரெண்டு முனையும் சேர்த்து 24-ன்னு எடுத்து பிரிட்ஜ் டயோடு போட்டுடாதீங்க. 24 ஏசி, டிசி ஆகும்போது 1.4 மடங்கு ஆகி 34, டயோடு ரெண்டு சாப்பிட்டது போக 32 சொச்சம் நிக்கும். 3116 ஐசி தாங்குற கடைசி எல்லையே 30. போட்ட அன்னிக்கே புகை. எங்க கடைக்கு வர்ற செத்த போர்டுல பாதி இந்தக் கேஸ்தான். "24 வோல்ட்தான சார் குடுத்தேன்"னு சொல்வாங்க.

சென்டர் டேப்பை (நடுவுல இருக்கிற 0 முனையை) கிரவுண்டாக்கி ரெண்டே டயோடு போடுங்க. உங்க பழைய செட்டுலயும் அப்படித்தான் இருந்திருக்கும். 16 வோல்ட் சுமார் வரும். 8 ஓமுக்கு 16 வாட். அந்த எல்ஏ4440-யே 13.2 வோல்ட்ல 4 ஓமுக்கு ஒரு பக்கம் 6 வாட்தான், ஆக முன்னைக்கு இது எவ்வளவோ தேவலை. புதுசா சுத்தறதா இருந்தா 15-0-15 சொல்லிச் சுத்துங்க, 20 வோல்ட் கிடைக்கும். 18-0-18 பக்கம் போகவே வேணாம், ராத்திரி கரண்ட் 250 வந்து நிக்கிற ஊர்ல அது 26-ஐத் தாண்டிடும். ஃபில்டர் கண்டென்சர் 35 வோல்ட் 10,000 மைக்ரோஃபாரட் ஒண்ணு போதும்.

என்னைக் கேட்டா அடாப்டரே போதும். எடையும் குறைவு, ஹம்மும் இல்ல. டிரான்ஸ்ஃபார்மரை எடைக்குப் போட்டாலும் செம்புக்குக் காசு.

தேனிக்காரன்:
எடைக்கா! அது அப்பா கடையில் உட்கார்ந்து சுற்றி வாங்கியது அண்ணா 😄 சும்மா உள்ளேயே இருக்கட்டும்.

கம்பியை வெட்டிவிட்டேன். நாலு தனி வயர் கொடுத்தாச்சு. இப்போது கேபினெட்டுக்குள்ளேயே பாடுகிறது! பழைய_ரேடியோ சார் சொன்னபடி மீட்டரும் வைத்துப் பார்த்தேன். சப்ளை 19.3. நாலு முனையிலும் கிரவுண்டுக்கு 9.6, 9.7 என்று காட்டுகிறது. ஸ்பீக்கருக்குக் குறுக்கே மில்லிவோல்ட் கணக்கில்தான். ரொம்ப நன்றி சார்.

ஆனால் வால்யூம் விசித்திரமாக இருக்கிறது. பழைய 100 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலையே போட்டேன். முக்கால் திருப்பு வரை சத்தமே ஏறுவதில்லை, அதற்கப்புறம் திடீரென்று கத்துகிறது.

பழைய_ரேடியோ:
வால்யூமை மாற்றுங்கள், 10 கிலோ ஓம், லாக் (லாகரிதமிக்) வகை. இந்த ஐசியில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற ஏற இன்புட் மின்தடை குறைந்துகொண்டே போகும். 20 டெசிபலில் 60 கிலோ ஓம், 26-இல் 30, 32-இல் 15, 36-இல் வெறும் 9. உங்கள் போர்டில் கெயினைத் தூக்கி வைத்திருப்பார்கள், கேட்டவுடனே "செம பவர்" என்று தோன்றட்டும் என்று. 100 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால் 9 கிலோ ஓம் சுமையை மாட்டினால் நடுப்பகுதி முழுக்க அமுங்கித்தான் போகும்.

மனசும் கூர்நுனி சால்டரிங் அயர்னும் இருந்தால் கெயின் மின்தடையை மாற்றி 26 டெசிபலுக்கு இறக்கலாம். போனிலிருந்து வரும் சிக்னலுக்கு அது போதும், இரைச்சலும் இறங்கும். எஸ்எம்டி (போர்டின் மேலேயே பற்றவைக்கும் பொடிப் பாகங்கள்) பழக்கம் இல்லை என்றால் தொடாதீர்கள்.

குட்டி_ஊஃபர்:
புளூடூத் சத்தத்துக்கு நானும் பதில் தேடிட்டு இருக்கேன். எனக்கும் அதே "ங்ங்ங்". பாட்டு மாத்தும்போது "டிர்ர்" வேற.

பிசிக்ஸ்_அக்கா:
புளூடூத் மாட்யூலுக்கு ரெண்டு வழியில் கிரவுண்ட் போகிறது, கவனித்தீர்களா? 5 வோல்ட் பவர் வயரில் ஒன்று, ஆடியோ வயரின் ஷீல்டில் இன்னொன்று. மாட்யூல் ரேடியோவில் பேசும்போதெல்லாம் விட்டு விட்டு கரண்ட் இழுக்கும். அதில் ஒரு பங்கு ஆடியோ ஷீல்டு வழியாகத் திரும்பிப் போகும். ஷீல்டில் விழும் அந்த மில்லிவோல்ட்டை ஆம்ப்ளிஃபையர் பாட்டு என்றே நினைத்துப் பெருக்கும்.

பவர் பேங்க்கிலிருந்து புளூடூத்துக்குத் தனியாக 5 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் இதுதான். நிரந்தரத் தீர்வுக்கு பி0505எஸ் என்று ஒரு தனிமைப்படுத்திய டிசி-டிசி மாட்யூல் கிடைக்கும், 1 வாட், 200 மில்லி ஆம்பியர். 19 வோல்ட்டை முதலில் பக் கன்வர்ட்டரால் (வோல்டேஜைக் குறைக்கும் மாட்யூல்) 5 ஆக்கி, அதை இதன் வழியாகப் புளூடூத்துக்குக் கொடுங்கள். வெளியே வரும் 5 வோல்ட்டின் மைனஸை மறந்தும் போர்டு கிரவுண்டோடு சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் செய்த வேலையெல்லாம் வீண். கிரவுண்ட் ஆடியோ ஷீல்டு வழியாக மட்டும்தான் சேர வேண்டும்.

ஆடியோ வயரில் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுகிறவர்களும் உண்டு. சின்னதாக இருந்தால் பேஸ் மெலியும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

மைக்செட்_மாமா:
எல்லாம் சரி. என்ன சொன்னாலும் கிளாஸ் டி-யில் அந்தப் பழைய கும் பேஸ் வராதப்பா. லேசாக, தகர டப்பா மாதிரி இருக்கும். ஹீட்சிங்க் சுடாத ஆம்ப்ளிஃபையரை நான் நம்புவதில்லை.

சவுண்ட்சர்வீஸ்_கரூர்:
மாமா, நீங்க கேட்டது 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர்ல ஓடின போர்டா இருக்கும். பேஸ் அடிக்கும்போது அடாப்டர் மூச்சு வாங்கிடும், அப்புறம் எங்க கும்முனு வர்றது. இப்போ கல்யாண மண்டபத்துல, திருவிழாவுல பாடுற பவர் ஆம்ப்ளிஃபையர்ல நிறைய கிளாஸ் டி-தான். சூடு வராததுக்குக் காரணம் 90 சதவீதம் வரைக்கும் பவர் ஸ்பீக்கருக்கே போயிடுது. உங்க பழைய வகை கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபையர்ல நல்லா ஓடினாலும் பாதிக்குக் கொஞ்சம் மேல, மிச்சம் ஹீட்சிங்க்குக்கு.

மைக்செட்_மாமா:
காது என்று ஒன்று இருக்கிறதே!

பழைய_ரேடியோ:
மாமா சொல்வதை முழுசாகத் தள்ளவும் மாட்டேன். அவுட்புட்டில் இருக்கிற காயில், கண்டென்சர் ஃபில்டரை ஒரு குறிப்பிட்ட ஓமுக்குத்தான் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். வேறு ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் உச்ச ட்ரெபிள் பக்கம் கொஞ்சம் தூக்கலாகவோ மங்கலாகவோ மாறும். பேஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வாட் பொய் இன்று பிறந்தது அல்ல, தெரியுமோ? 1964-இல் இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் எக்ஸ்-10 என்று ஒரு கிளாஸ் டி கிட் விற்றார், கடைக்கு வந்த முதல் கிளாஸ் டி அதுதான் என்பார்கள். 10 வாட் என்று விளம்பரம். வாங்கிக் கோத்தவர்களுக்கு அந்த 10 வரவில்லை. அன்றைய டிரான்சிஸ்டருக்கு அந்த வேகம் இல்லை. வேகமான மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் இந்த வகை நிமிர்ந்து நின்றது.

நெல்லை_அலை:
ரேடியோ கேட்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 3116 சும்மா விட்டால் 400 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகும். சதுர அலை என்பதால் அதன் மூன்று மடங்கு, அதாவது 1200, பலமாக வரும். எங்கள் அப்பா திருநெல்வேலி வானொலியை 1197-இல் வைத்துக் கேட்பவர். நான் ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் அடுத்த அறையிலிருந்து சத்தம் வரும், ரேடியோவிலிருந்து அல்ல, அவரிடமிருந்து! ஐசியில் இதற்கென்றே மூன்று பின் இருக்கிறது, 500, 600 என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மலிவு போர்டில் அதை நேராகக் கிரவுண்டில் அடித்திருப்பார்கள். ஸ்பீக்கர் வயரை முறுக்கி, குட்டையாக வெட்டியதில் பாதி குறைந்தது. ரேடியோவை மூன்றடி தள்ளி வைத்ததில் மீதி.

ஈயக்கோல்:
ஒரு டவுட். ஐஆர்எஸ்2092-ன்னு இன்னொரு கிளாஸ் டி போர்டு ஒண்ணு வச்சிருக்கேன், பிளஸ் மைனஸ் 50 வோல்ட். அதுலயும் ஸ்பீக்கர் மைனஸ் கிரவுண்ட் கிடையாதா? மீட்டர்ல பீப் வருதே.

சவுண்ட்சர்வீஸ்_கரூர்:
அது வேற ஜாதி. பீப் வரணும், சரிதான். 2092 போர்டு அரைப் பிரிட்ஜ், ரெட்டை சப்ளை. ஸ்பீக்கர் மைனஸ் கிரவுண்டேதான். கிளாஸ் டி-ன்னாலே மைனஸ் மிதக்கும்னு மனப்பாடம் பண்ணாதீங்க, போர்டுக்குப் போர்டு மீட்டர் வச்சுப் பாருங்க.

அதுல ரெண்டு தொல்லை. ஒண்ணு, மாஸ்ஃபெட் சார்ட் ஆனா 50 வோல்ட் டிசி நேரா ஊஃபருக்குப் போகும், காயில் கருகும். ஸ்பீக்கர் புரொடெக்ஷன் ரிலே இல்லாம ஓட்டவே ஓட்டாதீங்க. ரெண்டு, ஆழமான பேஸ்ல பவர் திரும்பி சப்ளைக்குள்ளயே ஏறி வோல்டேஜைத் தூக்கிடும், பஸ் பம்பிங்-னு சொல்வாங்க. பெரிய ஃபில்டர் கண்டென்சர் போடுங்க. ஸ்டீரியோன்னா ஒரு சேனல் இன்புட்டைத் தலைகீழாக்கி, அந்தப் பக்கம் ஸ்பீக்கர் வயரையும் மாத்திப் போட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கொண்ணு ஈடுகட்டிக்கும்.

குட்டி_ஊஃபர்:
கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். பாம்8403-ங்கற குட்டி கிளாஸ் டி ஐசில சின்னதா ஒரு ஸ்பீக்கர் செய்யறேன். ராத்திரிக்கு ஹெட்ஃபோன் ஜாக்கும் அதே அவுட்புட்ல வைக்கலாம்னு ஐடியா. 18650 லித்தியம் செல் ரெண்டு சீரிஸ்ல போட்டு 7.4 வோல்ட் குடுக்கப் போறேன்.

பழைய_ரேடியோ:
ரெண்டுமே வேண்டாம். அந்த ஐசிக்கு எல்லை 5.5 வோல்ட். ஒரே ஒரு செல் நேராகக் கொடுங்கள், சத்தம் கொஞ்சம் குறையும், போகட்டும். இல்லையென்றால் 5 வோல்ட் பூஸ்ட் போடுங்கள்.

ஹெட்ஃபோன் ஜாக்கின் அடிவளையம் இடது வலது ரெண்டுக்கும் பொது. அதை மாட்டினால் ரெண்டு மைனஸ் அவுட்புட்டையும் ஒன்றோடொன்று முடிந்தது போல ஆகும், தேனித் தம்பியின் செம்புக் கம்பி கதையேதான். ஜாக்கை ஆம்ப்ளிஃபையருக்கு முன்னாலேயே, புளூடூத் மாட்யூலின் ஆடியோ வருகிற இடத்திலிருந்து எடுங்கள். ஸ்விட்ச் உள்ள ஜாக் வாங்கினால், செருகும்போது 8403-க்குப் போகும் சிக்னல் தானாகத் துண்டிக்கும்படி செய்யலாம். மாட்யூலின் ஆடியோ அவுட்டில் மைனஸ் கிரவுண்டாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள், சில புளூடூத் ஐசிகளில் அதுவும் மிதக்கும்.